ரொபோ பார்த்திருந்தால் அம்மாவுக்கு இரண்டாவது ஒப்பரேஷன் வந்திருக்காதா?

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். அம்மாவுக்கு 56 வயது. ஐந்து வாரத்துக்கு முன் இடது மார்பில் இருந்த கட்டியை மட்டும் கொழும்பில் எடுத்தார்கள். மார்பை முழுதாக எடுக்கவில்லை. "எல்லாம் சுத்தமாக எடுத்தாயிற்று" என்று சேர்ஜன் சொல்லியிருந்தார். இப்போது எடுத்த கட்டியைப் பரிசோதித்த ஹிஸ்டாலஜி ரிப்போர்ட் வந்திருக்கிறது. கட்டி 18 மில்லிமீற்றர், உட்பக்க விளிம்பில் மை பூசிய இடத்தில் டி.சி.ஐ.எஸ் என்ற ஒருவகைப் புற்றுநோய்க் கலங்கள் இருக்கிறதாம். திரும்பவும் தியேட்டருக்குப் போக வேண்டும் என்கிறார்கள். லண்டனில் இருக்கும் பெரியம்மாவின் மகன் ஒரு செய்தி அனுப்பினார். ஒப்பரேஷன் நடக்கும்போதே ஒரு ரொபோ இழையத்தின் மேல் ஊர்ந்து, புற்றுநோய்க் கலம் மிச்சம் இருக்கிறதா என்று நுணுக்குக்காட்டியில் பார்த்துச் சொல்லுமாம். அப்படியென்றால் எங்கள் சேர்ஜன் பிழை விட்டுவிட்டாரா? அந்த ரொபோ இருக்கும் நாட்டுக்கு அம்மாவைக் கொண்டுபோகலாமா? ஊரில் ஒரு காணி இருக்கிறது, விற்கலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மாவிடம், "தையல் சரியாக ஆறவில்லை, திருப்பித் தைக்க வேண்டுமாம்" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம்.

பதில் தருபவர்: கொழும்பில் பணியாற்றும் நோயியல் வைத்திய நிபுணர்

அன்புள்ள மகள்,

முதலில் காணி விஷயம். விற்க வேண்டாம். உங்கள் அண்ணா அனுப்பிய கருவி, டிக்கெட் எடுத்துப் போய்ச் செய்துகொண்டு வரக்கூடிய சிகிச்சை அல்ல. ஆய்வுகூடத்தில் உருவாகி, நோயாளிகளிடமிருந்து எடுத்த இழையத்தில் வைத்துச் சோதித்துப் பார்க்கப்பட்ட கருவி அது. அதைத் தேடி நீங்கள் அலையும் மாதங்களில் அம்மாவுக்குக் கிடைக்க வேண்டிய மற்றச் சிகிச்சைகள் பின்னுக்குப் போகும். அதுதான் உண்மையான நட்டம். இதைச் சொல்லிவிட்டேன், மற்றதை ஆறுதலாகப் பேசுவோம்.

நான் சேர்ஜன் அல்ல. சேர்ஜன் வெட்டியதைப் பார்ப்பவள். உங்கள் கையில் இருக்கும் அந்த ரிப்போர்ட்டைப் போன்றவற்றை எழுதுவதுதான் என் தொழில். உங்கள் அம்மாவுடையதை நான் எழுதவில்லை, ஆனால் அந்த ஒரு வரியை எழுதும்போது கை எப்படித் தயங்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த வரி ஒரு வீட்டை என்ன பாடு படுத்தும் என்பதும் தெரியும்.

தியேட்டரிலிருந்து வரும் துண்டில் நூல் தைத்திருப்பார்கள். வழமையில் குட்டை நூல் மேல்பக்கம், நீள நூல் கமக்கட்டுப் பக்கம். அதைப் பார்த்துத்தான் எந்தப் பக்கம் எது என்று பிடிப்போம். பிறகு ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு நிற மை பூசுவோம். ஃபோர்மலினில் ஊறவிட்டு, பாண் வெட்டுவது போலத் துண்டு துண்டாக வெட்டி, தெரிந்தெடுத்த பகுதிகளை மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய 250இல் ஒரு பங்கு தடிப்பில் சீவி, சாயம் ஏற்றுவோம். அப்புறம்தான் நுணுக்குக்காட்டி. புற்றுநோய்க் கலம் அந்த மையைத் தொட்டிருந்தால், வெட்டிய கோட்டுக்கு அந்தப் பக்கம், அதாவது உடம்புக்குள், இன்னும் மிச்சம் இருக்கலாம் என்று அர்த்தம். உங்கள் ரிப்போர்ட் சொல்வது இதைத்தான். இத்தனையும் முடிய ஒரு வாரமாவது போகும். வேலை குவிந்தால் இரண்டு. அதற்குள் அம்மா வீட்டுக்கு வந்து காயமும் ஆறியிருக்கும்.

சேர்ஜன் பிழை விட்டாரா என்று கேட்டிருக்கிறீர்கள். டி.சி.ஐ.எஸ் என்பது பாற்கான்களின் உள்ளேயே இருக்கும் புற்றுநோய்க் கலங்கள். சுவரைத் தாண்டி வெளியே வராத நிலை. கட்டி கைக்குத் தட்டுப்படும், ஆனால் இது பெரும்பாலும் தட்டுப்படாது. கண்ணுக்கும் தெரியாது. முற்றத்தில் அறுகம்புல் பிடுங்கியிருப்பீர்கள். மேலே தெரியும் புதரைப் பிடுங்கலாம், ஆனால் அதன் கொடி மண்ணோடு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பது பிடுங்கும் கைக்குத் தெரியாது. சேர்ஜன் "சுத்தமாக எடுத்தாயிற்று" என்றது அவர் கண்ணும் விரலும் சொன்னதை. அதில் பொய் இல்லை. ஆனால் "ரிப்போர்ட் வந்தபிறகுதான் முடிவாகச் சொல்லலாம்" என்று ஒரு வசனம் சேர்த்திருந்தால் உங்களுக்கு இந்த அதிர்ச்சி வந்திருக்காது. அது மட்டும் என் மனத்தாங்கல்.

இது கொழும்பில் மட்டும் நடக்கும் காரியமும் அல்ல. இங்கிலாந்தில் 2005 முதல் 2008 வரை மார்பைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் எடுத்த 55,000க்கு மேற்பட்ட பெண்களின் பதிவுகளைப் பார்த்து 2012இல் ஓர் ஆய்வு வெளியானது. ஐந்தில் ஒருவர் திரும்பவும் தியேட்டருக்குப் போயிருக்கிறார். டி.சி.ஐ.எஸ் வகை இருந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் மூவர். உங்கள் அண்ணா இருக்கும் நாட்டின் கணக்குத்தான் இது. அந்த ரொபோவைச் செய்ய அங்கே ஆட்கள் மெனக்கெட்டதற்கும் இதுதான் காரணம்.

சரி, ரொபோவுக்கு வருவோம். இந்தப் பகுதியை நான் விருப்பத்தோடு எழுதுகிறேன், ஏனென்றால் அது செய்யப் பார்ப்பது என் வேலையை.

ரொபோ என்றவுடன் கத்தி பிடித்து ஒப்பரேஷன் செய்யும் பெரிய இயந்திரக் கை மனதில் வரும். இது அதுவல்ல. இது வெட்டாது, ஒரு சின்னக் கண்ணை நகர்த்தும், அவ்வளவுதான். அந்தக் கண் என்னவென்று தெரிந்தால்தான் அதை ஏன் ஒரு இயந்திரம் நகர்த்த வேண்டும் என்பது புரியும்.

சாதாரண நுணுக்குக்காட்டியின் கீழ் தடித்த இறைச்சித் துண்டை வைத்தால் ஒன்றும் தெரியாது. மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் ஒன்றாகக் கலங்கிவிடும். நாங்கள் மெழுகில் பதித்துச் சீவுவது அதனால்தான். கொன்ஃபோகல் என்ற முறையில், திரும்பி வரும் ஒளியை ஒரு மிகச் சிறிய துளைக்குள்ளால் விடுவார்கள். ஒரே ஓர் அடுக்கிலிருந்து வரும் ஒளி மட்டும் அதற்குள்ளால் போகும், மற்றது வெளியே நின்றுவிடும். கத்தியால் சீவும் வேலையை ஒளி செய்துவிடுகிறது. மார்வின் மின்ஸ்கி என்ற அமெரிக்கர் 1957இலேயே இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். செயற்கை நுண்ணறிவின் முன்னோடிகளில் ஒருவர் என்று பின்னாளில் பேசப்பட்டாரே, அதே ஆள்தான்.

பிற்காலத்தில் இதை ஒரு மெல்லிய கம்பியின் நுனிக்குக் கொண்டுவந்தார்கள். பல ஆயிரம் கண்ணாடி இழைகளைக் கட்டிய ஒரு கற்றை. சில வகைகளில் ஏறக்குறைய 30,000 இழைகள். ஒரு முனையை இழையத்தில் தொட்டால் மறுமுனையில் இருக்கும் திரையில் கலங்கள் உயிரோடு தெரியும். பாரிஸில் இருக்கும் மௌனா கீ டெக்னோலஜீஸ் நிறுவனத்தின் செல்விசியோ என்ற கருவி இந்த வகை. குடலுக்குள்ளும் சுவாசக் குழாய்க்குள்ளும் அதைப் பாவித்திருக்கிறார்கள். நீல லேசர் ஒளி பாய்ச்சுவதால், இழையத்தில் அந்த ஒளிக்கு மினுங்கும் சாயம் ஒன்று இருக்க வேண்டும். மார்பு இழையத்தில் செய்த பரிசோதனைகளில் அக்ரிஃப்ளேவின் பூசினார்கள். பழைய ஆட்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். முதலாம் உலகப் போர்க் காலத்திலேயே காயங்களுக்குப் போட்ட மஞ்சள் மருந்து. அது கலத்தின் கருவில் போய் ஒட்டும், லேசர் பட்டதும் கரு பச்சையாக ஒளிரும். கொழுப்புக் கலங்கள் சவர்க்கார நுரை போல வட்டம் வட்டமாகத் தெரியும். நார்கள் அலை அலையாக ஓடும். புற்றுநோய் இருக்கும் இடத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் நெருக்கியடித்து நிற்கும். முதல் தடவை இந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் ஒரு வாரம் மெனக்கெட்டுப் பார்ப்பதை இது மூன்று நொடியில் காட்டுகிறதே என்று.

ஆனால் அந்தக் கண் பார்க்கும் பரப்பைப் பாருங்கள். ஏறக்குறைய கால் மில்லிமீற்றர் அகலம், ஒரு உப்புக்கல் அளவு. சுளகில் ஒரு கொத்து அரிசியைப் பரப்பி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு அரிசி மட்டும் தெரிகிற மாதிரி ஒரு குழாய்க்குள்ளால் பார்த்துக் கல் பொறுக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? கை தன்பாட்டில் அலையும். எங்கே பார்த்தோம், எங்கே பார்க்கவில்லை என்று ஐந்து நிமிடத்தில் மறந்துபோகும்.

இந்த இடத்தில்தான் ரொபோ வருகிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஹம்லின் நிலையத்தில் இருந்தவர்கள் 2015 அளவில் மார்புச் சத்திரசிகிச்சைக்கென்றே இப்படி மேற்பரப்பை வருடிப் படமெடுக்கும் கருவி ஒன்றை வெளியிட்டார்கள். கண் ஒழுங்கான பாதையில் நகரும். அம்மம்மா காலத்தில் சாணம் மெழுகும்போது ஒரு வளைவு அடுத்த வளைவைக் கொஞ்சம் தொட்டுக்கொண்டு போகுமே, அதைப் போல. அப்படி விளிம்போடு விளிம்பு தொட்டு வரும் ஆயிரக்கணக்கான சின்னப் படங்களைக் கொம்பியூட்டர் ஒட்டி ஒரே பெரிய படமாக்கும்.

சொல்ல இலகு. செய்து பார்த்தால்தான் கஷ்டம். மார்பு இழையம் மேசை போலத் தட்டையாக இராது, மேடும் பள்ளமும். அழுத்தினால் அமுங்கும், நகர்த்தினால் கூடவே இழுபடும். கருவி ஒரு மில்லிமீற்றர் நகர்ந்தால் இழையமும் அரை மில்லிமீற்றர் கூடவே வந்துவிடும். "எல்லா இடமும் பார்த்தாயிற்று" என்று கருவி நினைக்கும், நடுவில் கோடு கோடாகப் பார்க்காத இடம் இருக்கும். கூட அழுத்தினால் கலங்கள் நசிந்து உருமாறும். அழுத்தம் குறைந்தால் தொடர்பு விட்டுப் படம் இருண்டுபோகும். மனிதக் கையால் அந்த மெல்லிய அழுத்தத்தைப் பத்து நிமிடம் மாறாமல் வைத்திருக்க முடியாது. அந்த அளவைப் பிடித்து வைப்பதும், படத்தைப் பார்த்துப் பார்த்துப் பாதையைத் திருத்துவதும்தான் இந்த ஆராய்ச்சியின் முக்கால்வாசி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடதாசியும் பேனாவும் போதும். ஒரு சதுர சென்றிமீற்றரைப் பார்க்க, கால் மில்லிமீற்றர் அகலத்தில், ஒரு வரி அடுத்ததைக் கொஞ்சம் தொட்டுக்கொண்டு, ஏறக்குறைய 42 வரிகள் ஓட வேண்டும். மொத்தம் 42 சென்றிமீற்றர் பயணம். கருவி நொடிக்கு 12 படம் எடுத்து, ஒரு படம் அடுத்ததைப் பாதி மூடிக்கொண்டு போனால் ஐந்து நிமிடம் பிடிக்கும். இனி, ஐந்து சென்றிமீற்றர் விட்டமுள்ள உருண்டைத் துண்டு ஒன்றின் மேற்பரப்பு எவ்வளவு? ஏறக்குறைய 78 சதுர சென்றிமீற்றர். ஐந்தால் பெருக்குங்கள். ஆறரை மணித்தியாலம்! மயக்க மருந்தில் ஒரு ஆளை அவ்வளவு நேரம் யார் வைத்திருப்பது? இதற்காகத்தான் நொடிக்கு நூற்றுக்கு மேல் படம் எடுக்கும் வேகமான கண்களைப் பிறகு செய்தார்கள். நொடிக்கு 120 என்றால் என் கணக்கில் 40 நிமிடமாகக் குறைகிறது. சந்தேகமான பக்கத்தை மட்டும் பார்ப்பதென்றால் இன்னும் குறையும். காரியம் நடக்கும் தூரத்துக்கு வந்துவிட்டது, ஆனால் இன்னும் வந்து சேரவில்லை.

இனி உங்கள் கேள்வியின் நடுவில் இருக்கும் கேள்வி. அந்தக் கருவி அன்றைக்குத் தியேட்டரில் இருந்திருந்தால் அம்மாவுக்கு இரண்டாவது தடவை தேவைப்பட்டிருக்காதா? உங்களைத் தேற்றுவதற்காக "ஒரு பயனும் இருந்திருக்காது" என்று நான் சொல்லப்போவதில்லை. மையைத் தொட்டபடி இருந்த கலங்கள் மேற்பரப்பில்தான் இருந்திருக்கும். சரியான இடத்தில் கண் போயிருந்தால் பிடிபட்டிருக்கலாம்.

பிடிபடாமலும் போயிருக்கலாம். சேர்ஜன் இரத்தத்தை நிறுத்த மின்சாரத்தால் சுட்டு வெட்டுவார், அப்போது மேற்பரப்பு கருகும். கருகிய இடத்தில் என் கண்ணுக்கே கலம் பிரித்துத் தெரியாது, லேசருக்கு மட்டும் எப்படித் தெரியும்? அடுத்தது ஆழம். இந்தக் கண் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு ஆழம்கூடப் பார்க்காது. அம்மாவுக்கு இருப்பதுபோல ஊடுருவும் கட்டி, அதாவது பாற்கானின் சுவரைத் தாண்டி வெளியே வந்த புற்றுநோய், இருந்தால், மையில் கலம் படாமல் இருந்தால் போதும் என்பது 2014இல் அமெரிக்கச் சத்திரசிகிச்சை, கதிர்ச்சிகிச்சைச் சங்கங்கள் சேர்ந்து சொன்ன விதி. மேற்பரப்பை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு அது பொருந்தும். ஆனால் கட்டியில்லாமல் டி.சி.ஐ.எஸ் மட்டும் இருப்பவர்களுக்கு 2 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும் என்று 2016இல் சொன்னார்கள். மேற்பரப்பில் ஒன்றுமில்லை என்று கருவி பச்சைக்கொடி காட்டும். ஒரு மில்லிமீற்றர் உள்ளே நோய் உட்கார்ந்திருக்கும். அந்தப் பெண்களுக்கு இந்தக் கருவி வந்தாலும் என் மெழுகுக் கட்டிகள் தேவைதான்.

அக்ரிஃப்ளேவினிலும் ஒரு சிக்கல். கலத்தின் மரபணுப் பொருளோடு ஒட்டும் சாயம் அது. வெளியே எடுத்த துண்டில் தாராளமாகப் பூசலாம். மார்புக்குள் இருக்கும் குழியில் பூசுவதென்றால் யாரும் இரண்டு தடவை யோசிப்பார்கள்.

எங்களுடையதும் குறையில்லாத முறை அல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஐந்து மில்லிமீற்றருக்கு ஒரு துண்டு வெட்டி, அதில் மெல்லிய சீவல் ஒன்றைப் பார்க்கிறோம். விளிம்பின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட உண்மையில் நுணுக்குக்காட்டியின் கீழ் வருவதில்லை. ரொபோவை நான் எதிரியாகப் பார்க்காததற்குக் காரணம் இதுதான். முழு மேற்பரப்பையும் பார்க்கும் ஆசை அதற்கு இருக்கிறது, எனக்கு அது முடியாது. ஆனால் நான் பார்க்கும் கொஞ்சத்தை அது இன்னும் என்னளவு நிச்சயமாகப் பார்க்கவில்லை.

ஒப்பரேஷன் நடக்கும்போதே பார்த்துச் சொல்லும் பழைய முறை ஒன்று எங்களிடமும் உண்டு, உறைநிலைச் சீவல். துண்டைக் கடுங்குளிரில் உறைய வைத்து, சீவி, அரை மணித்தியாலத்துக்குள் பதில் சொல்வது. எனக்கு இதில் ஒரு பழைய கதை. நான் பயிற்சியில் இருந்த காலத்தில் ஒரு வைத்தியசாலையில் மார்புத் துண்டு ஒன்று இப்படி வந்தது. முக்கால்வாசி கொழுப்பு. மற்ற இழையம் உறையும் குளிரில் கொழுப்பு உறையாது. கத்தி பட்டதும் வெண்ணெய் மாதிரி இழுபட்டுப் பூசிக்கொண்டது. தியேட்டரிலிருந்து சேர்ஜன் தொலைபேசியில், "சொல்லுங்கோ, மூடவா?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. "சொல்ல முடியாது சேர், மெழுகில் பார்த்துத்தான் சொல்லலாம்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஒரு வாரம் கழித்து மெழுகுச் சீவலில் பார்த்தபோது விளிம்பில் நோய் இருந்தது. அன்றைக்கு நான் தைரியமாக "சுத்தம்" என்று சொல்லியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன். விளிம்பை உடனே பார்த்துச் சொல்வதாக எந்தப் புதுக் கருவி வந்தாலும், நிச்சயமில்லாத இடத்தில் "தெரியாது" என்று சொல்லுமா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

விளிம்பைத் தேடும் வேறு கருவிகளும் உண்டு. வானொலி அலைகளால் இழையத்தைத் தொட்டுப் பார்க்கும் மார்ஜின்புரோப் கருவிக்கு அமெரிக்காவில் 2012 இறுதியில் அனுமதி கிடைத்தது. நரம்பில் ஏற்றும் மருந்தால் மிச்சக் கலங்களை ஒளிரச் செய்யும் லுமிசெல் முறைக்கு 2024 ஏப்ரலில். அனுமதி கிடைத்த இவைகூடச் சந்தேகமான இடத்தைக் காட்டும், அவ்வளவுதான். கடைசி வார்த்தை மெழுகுக் கட்டிக்குத்தான்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது ஒரு செலவில்லாத வழி. கட்டியை எடுத்தபின், குழியின் சுவரிலிருந்து சுற்றிவரக் கொஞ்சம் கூடுதலாகச் சீவி எடுப்பது. அமெரிக்காவில் 235 பெண்களிடம் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், அப்படிச் செய்தபோது விளிம்பில் நோய் இருப்பது 34 வீதத்திலிருந்து 19 வீதமாகவும், திரும்பத் தியேட்டருக்குப் போவது 21 வீதத்திலிருந்து 10 வீதமாகவும் குறைந்தது. லேசரும் இல்லை, ரொபோவும் இல்லை. கத்தியும் கொஞ்சம் முன்யோசனையும்தான்.

எனவே கிளினிக்கில் இதைக் கேளுங்கள்: இரண்டாவது தடவையில் உட்பக்கத்தை மட்டும் எடுக்கப்போகிறீர்களா, சுற்றிவரவுமா? எடுக்கும் துண்டில் புது விளிம்பு எது என்று நூலால் அடையாளம் வைப்பீர்களா? முதல் மமோகிராமில் சுண்ணாம்புப் புள்ளிகள் இருந்திருந்தால், இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? டி.சி.ஐ.எஸ் பல வேளைகளில் அந்தப் புள்ளிகளாகத்தான் படத்தில் தெரியும். புதுத் துண்டை முதல் துண்டு போன அதே ஆய்வுகூடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள், முடியாவிட்டால் பழைய ரிப்போர்ட்டின் பிரதியையாவது கூட அனுப்பச் சொல்லுங்கள். முன்கதை தெரியாமல் ஒரு துண்டைப் பார்ப்பது, கடைசி அத்தியாயத்தை மட்டும் வாசிப்பது போன்றது. ஹோர்மோன் ஏற்பிகள், ஹெர்2 பரிசோதனைகளின் முடிவு வந்துவிட்டதா என்றும் பாருங்கள். அடுத்த மருந்து எது என்பது அதில்தான் தங்கியிருக்கிறது. அதை எந்த ரொபோக் கண்ணும் சொல்லாது.

இரண்டாவது தடவை எடுக்கும் துண்டில் நோயே இல்லாமல் போவதும் சாதாரணமாக நடக்கும். அப்படி ரிப்போர்ட் வந்தால், "வீணாக வெட்டிவிட்டார்களே" என்று சேர்ஜனிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

"இனி மார்பையே எடுத்துவிட்டால் நிம்மதிதானே" என்று உறவினர் யாராவது சொல்வார்கள். மிச்சம் பரவலாக இருந்தால் சேர்ஜனே அதைச் சொல்வார். மற்றபடி, கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்ச் சிகிச்சை கொடுத்தவர்களும் மார்பை முழுதாக எடுத்தவர்களும் ஒரே அளவு காலம்தான் வாழ்ந்தார்கள் என்று அமெரிக்காவிலும் மிலானிலும் 20 வருடம் பின்தொடர்ந்து, 2002இல் முடிவு வெளியிட்டார்கள். விளிம்பு சுத்தமாக வேண்டும், கதிர்ச் சிகிச்சை தவறக்கூடாது. மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் என்றால் கிழமைக்கு ஐந்து நாள், மூன்று முதல் ஐந்து வாரம் வரை போக வேண்டியிருக்கும். காணிக்காசு யோசித்ததில் ஒரு சிறு பங்கை முச்சக்கர வண்டிக்கு எடுத்து வையுங்கள். கதிர் வாங்கிக் களைத்த ஆளை 138 பஸ்ஸில் நிற்க வைத்துக் கூட்டிவராதீர்கள்.

உங்கள் வயதை எழுதவில்லை. 35 தாண்டியிருந்தால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுவநாரி என்ற பெண்கள் நலக் கிளினிக்குக்கு ஒரு நாள் போய்வாருங்கள். இலவசம். அம்மாவுக்கு வந்திருக்கிறது என்று அங்கே சொல்லவும் வேண்டும்.

கடைசியாக அந்தத் தையல் கதை. ஏன் சொன்னீர்கள் என்று விளங்குகிறது, திட்டப்போவதில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒப்பரேஷனுக்கு முன் சம்மதப் பத்திரத்தில் அம்மாதான் கையெழுத்து வைக்க வேண்டும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்டால்? கிளினிக்கில் டொக்டர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேச, நீங்கள்தான் அம்மாவுக்குத் தமிழில் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் இரண்டு பக்கமும் உங்களை நம்பியிருக்கிறது. தையல் என்று நீங்கள் சொன்னதை டொக்டர் அறியமாட்டார். கதிர்ச் சிகிச்சை ஏன் என்று அம்மா கேட்கும் நாளில் இன்னொரு கதை கட்ட வேண்டிவரும்.

56 வயது சின்னப் பிள்ளை இல்லை. முதல் ஒப்பரேஷனுக்குக் கட்டி என்று தெரிந்துதானே வந்தார்? அடுத்த கிளினிக்குக்கு முன் ஒரு பின்னேரம், தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில், "ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கலாமாம் அம்மா, அதையும் எடுத்துவிடப் போகிறார்கள்" என்று சொல்லுங்கள். அறுகம்புல் கதையையும் சொல்லுங்கள், ஊரில் முற்றம் கூட்டியவருக்கு அது உடனே விளங்கும். கிளினிக்கில் தமிழ் தெரிந்த தாதி ஒருவர் இருந்தால் அன்றைக்கு மொழிபெயர்ப்பை அவரிடம் விட்டுவிட்டு, நீங்கள் அம்மாவின் பக்கத்தில் இருங்கள்.